உழுதவன் கணக்குப் பார்க்கட்டும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில், ‘பல்கலைக்கழக வேளாண் கல்வியில் தொழில்முனைவுப் பயிற்சி’ என்னும் பொருள் பற்றி ஆற்றிய உரை)



25 ஆண்டுகள் ஓயாது கல்விப் பணி ஆற்றிவரும் இக்கழகத்தின் வெள்ளி விழாவில் பேசும் வாய்ப்பை எனக்கு நல்கியமைக்கு முதற்கண் நன்றி கூறுகிறேன். நான் வேளாண் பட்டதாரி அல்லன். கலைப் பட்டமும் ஆசிரியப் பயிற்சிப் பட்டமும் பெற்ற அரசுப் பள்ளித் தலைமையாசிரியன். ஆயினும், ஒவ்வோராண்டும் மே மாதத்தில் மதிப்பெண் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறை வாயிலில் நிற்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் “எதைப் படிக்கலாம்?” என்னும் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு எனக்கு உண்டு. அந்தப் பொறுப்பை முன்னிட்டே இத்தலைப்பில் பேச இசைந்தேன்.

“உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது” என்னும் பழமொழியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். உழவின் துன்பத்தைச் சொல்லும் பழமொழி என்றே இதற்குப் பொருள் கூறுகின்றோம். எனக்கோ இதில் வேறொன்றும் தோன்றுவதுண்டு. உழுதவனைக் கணக்குப் பார்க்க வேண்டா என்று தடுக்கும் குரலும் இதில் ஒலிக்கிறது. நம் முன்னோரை எண்ணிப் பாருங்கள். நாற்று நட்டவர்கள் அவர்கள். களை பறித்தவர்கள் அவர்கள். அறுத்துக் கட்டிக் களத்தில் அடித்துத் தூற்றியவர்களும் அவர்களே. மழை வருமா வராதா என்பதை வானத்தைப் பார்த்தே சொன்னார்கள். மண்ணைக் கையில் அள்ளி இன்ன பயிருக்கு ஆகும், ஆகாது என்றார்கள். ஆனால் களத்துமேட்டில் மரக்காலைப் பிடித்து அளந்தவர் வேறொருவர். கணக்கு நோட்டு அவர் வீட்டில் இருந்தது. கூலி எவ்வளவு, வாங்கிய கடன் எவ்வளவு, தீர்ந்தது எவ்வளவு என்பதெல்லாம் அந்த நோட்டுக்குத்தான் தெரியும். வேளாண்மையின் எல்லாக் கலைகளும் நமக்குக் கைவந்தன. கைக்கு எட்டாமல் வைக்கப்பட்டது ஒன்றே ஒன்று, அதுதான் கணக்கு.

வேளாண் கல்லூரியில் தொழில்முனைவைக் கற்பிப்பது என்றால் என்ன என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்: உழுதவன் கையில் கணக்கு நோட்டைக் கொடுப்பது. இதற்கு மேற்பட்ட விளக்கங்கள் பல இருக்கலாம். நமக்கு வேண்டிய பொருள் இதுவே.

இவ்விடத்தில் ஒரு தந்தையார் என்னிடம் கேட்ட கேள்வியை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவருடைய மகள் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். வேளாண் படிப்புக்கு விண்ணப்பிக்கலாமே என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “படிக்க வைத்தும் பழையபடி சேற்றில்தான் இறங்க வேண்டுமா, சார்?” என்றார். இதற்கு விடை சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது. 1953ஆம் ஆண்டில் இம்மாநிலத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் தந்தையின் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று மக்கள் அதனைக் கண்டித்தார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. கிராமத்தைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் 1948ஆம் ஆண்டு கூறிய கடுமையான சொற்களையும் நீங்கள் அறிவீர்கள். ஆகவே அந்தத் தந்தையாரின் அச்சம் வெறும் அச்சமன்று. அது வரலாறு கற்பித்த அச்சம்.

அவருக்கு நான் சொன்ன விடை இது: “ஐயா, சேறு இழிவன்று. அந்தச் சேற்றில் நின்றவன் கூலியாக நின்றானா, உடையவனாக நின்றானா என்பதே கேள்வி. உங்கள் மகள் நாற்று நடுவதற்குப் போகவில்லை. விதை எங்கிருந்து வருகிறது, விலை எங்கே முடிவாகிறது, இலாபம் எவர் பைக்குப் போகிறது என்பதைக் கற்கப் போகிறாள்.” குலக்கல்வி கணக்கை மறைத்து வேலையை மட்டும் கற்பிப்பது. நாம் கேட்கும் கல்வி கணக்கிலிருந்து தொடங்குவது.

இக்கருத்துக்கு அண்ணலே நமக்கு வழி காட்டியிருக்கிறார். இந்தியாவின் சிறு நில உடைமைகளைப் பற்றி 1918ஆம் ஆண்டில் அவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். நிலங்கள் துண்டு துண்டாக இருப்பதே வறுமைக்குக் காரணம், அவற்றை ஒன்றாக்கினால் போதும் என்று அறிஞர் பலர் கூறிய காலம் அது. அவர் அதை அப்படியே ஏற்கவில்லை. நிலம் பெரிதா சிறிதா என்பதைப் பரப்பை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அந்த நிலத்தோடு சேர்ந்து நிற்கும் முதலும் கருவியும் உழைப்பும் எந்த அளவில் பொருந்தியிருக்கின்றன என்பதைப் பார்த்தே சொல்ல வேண்டும் என்றார். முதல் இல்லாத கையில் பெருநிலமும் பயன்படாது. தக்க முதல் உள்ள கையில் சிறு நிலமும் பிழைக்கும் என்பது அதன் சாரம். நிலத்தின்மேல் அளவுக்கு மீறி மக்கள் அழுத்திக்கொண்டிருப்பதே நோய், தொழில் வளர்ச்சியே மருந்து என்றும் அதில் வாதிட்டார். வேளாண் விளைபொருளைத் தொழிலாக மாற்றும் கல்வியைப் பற்றிப் பேசும் நாம், நூற்றாண்டுக்கு முன் அவர் திறந்த கதவின் வழியாகவே நுழைகிறோம்.

இனி, நம் நாட்டு வேளாண் கல்வி எவ்வாறு வளர்ந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1868இல் சென்னைச் சைதாப்பேட்டையில் ஒரு வேளாண் பள்ளி தொடங்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கோவைக்குப் பெயர்ந்து கல்லூரியாக வளர்ந்தது. 1971 சூன் முதல் நாள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பிறந்தது. இக்கல்லூரிகளில் பயின்றோர் பெரும்பாலும் நோக்கிய இடம் ஒன்றே: வேளாண் துறை அலுவலகம், அல்லது வங்கி. அதில் தவறில்லை. நம் சமுதாயத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் தலை நிமிர்ந்தது அத்தகைய அரசுப் பணிகளால்தான். ஆனால் பட்டம் பெறுவோர் தொகை ஆண்டுதோறும் பெருகுகிறது. பணியிடங்களோ அவ்வாறு பெருகவில்லை.

இதனால் பாடத்திட்டத்திலும் மாற்றம் வந்தது. வேளாண் பட்டதாரிகள் சொந்தமாக ஆலோசனை நிலையமோ விற்பனை நிலையமோ தொடங்குவதற்குப் பயிற்சியும் கடனோடிணைந்த மானியமும் தரும் ‘அக்ரி கிளினிக்’ திட்டத்தை மத்திய அரசு 2002ஆம் ஆண்டில் தொடங்கியது. 2015 சூலையில் ‘ஸ்டூடண்ட் ரெடி’ என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது. இதன்படி நான்காண்டுப் படிப்பின் இறுதியாண்டில் மாணவர்கள் கிராமத்தில் தங்கி உழவரோடு பணியாற்ற வேண்டும். தொழிற்கூடங்களில் பயிற்சி பெற வேண்டும். செய்து கற்கும் பிரிவில் காளான், விதை உற்பத்தி, உயிர் உரம், நாற்றங்கால், உணவுப் பதப்படுத்தல் என ஏதேனும் ஒன்றைக் குழுவாக நடத்தி, விற்று, கணக்கு முடிக்க வேண்டும். தொழில்முனைவு வளர்ச்சிக்கென்று தனிப் பாடமும் வைத்தார்கள். ஆனால் அப்போது அதன் அளவு இரண்டே கிரெடிட்டாக இருந்தது. அதில் ஒன்று வகுப்பறைப் பாடம், மற்றொன்று செய்முறை.

செய்து கற்பது எவ்வளவு பயனுடையது என்பதற்கு ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு காளான் கொட்டகைக்கு மாதந்தோறும் வாடகை, கடன் தவணை முதலிய நிலைச் செலவு 6,000 ரூபாய். வைக்கோல், காளான் விதை, பை, போக்குவரத்து எல்லாம் சேர்ந்து கிலோவுக்கு 80 ரூபாய். விற்கும் விலை கிலோ 140 ரூபாய். மாதம் 150 கிலோ விளைகிறது. முழுவதும் விற்றால் வரவு 21,000, செலவு 18,000, இலாபம் 3,000. நன்று. ஆனால் காளான் ஓரிரு நாளில் வாடும் பொருள். ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 30 கிலோ, விற்காமல் கெட்டுப்போனால் வரவு 16,800 ஆகிவிடுகிறது. செலவு அதே 18,000. இலாபம் மறைந்து 1,200 ரூபாய் நட்டம். விளைவிக்கும் திறனில் குறையில்லை. விற்கும் வழியில்தான் குறை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கொட்டகையில் வைக்கோலை வேகவைத்து, பை கட்டி, நாள்தோறும் தண்ணீர் தெளித்தவர் யார்? வீட்டிலுள்ள தாய். அவருடைய அரை நாள் உழைப்புக்கு 200 ரூபாய் என்று வைத்து 25 நாளுக்குக் கணக்கிட்டால் 5,000 ரூபாய். முழுவதும் விற்ற மாதத்திலும் உண்மையில் இலாபம் இல்லை. 2,000 ரூபாய் நட்டமே. நாம் இலாபம் என்று மகிழ்ந்தது அந்தத் தாய்க்குக் கொடுக்காத கூலி. கூலி கொடுக்காமல் உழைப்பை வாங்கியவர்களால் நெடுங்காலம் துன்புற்ற சமுதாயம் நாம். அதே பிழையை நம் வீட்டுக்குள் நாமே செய்யலாகாது. இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கத் தெரிந்த பிள்ளையே தொழில்முனைவைக் கற்ற பிள்ளை.

இதனை முழுமையாகக் கற்பிக்க முடியுமா என்று ஐயுறுவோர்க்கு ஓர் அயல்நாட்டுச் சான்று கூறுகிறேன். நடு அமெரிக்காவிலுள்ள கோஸ்ட்டா ரிக்கா நாட்டில் ‘எர்த்’ என்னும் வேளாண் பல்கலைக்கழகம் 1990 முதல் நடந்துவருகிறது. இலத்தீன் அமெரிக்காவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வரும் ஏழை கிராமப்புற மாணவர் பலர் அங்கே உதவித்தொகையில் பயில்கின்றனர். முதலாண்டிலிருந்தே மாணவர்கள் சிறு குழுவாகச் சேர்ந்து ஒரு தொழிலைத் திட்டமிட வேண்டும். ஆதாயம் வருமா என்று ஆராய்ந்து காட்ட வேண்டும். பல்கலைக்கழகமே கடன் தருகிறது. அவர்கள் விளைவித்து விற்று, கடனை அடைத்து, மிஞ்சியதைப் பகிர்ந்துகொண்டு, இறுதியில் கணக்கை முடிக்க வேண்டும். இந்த ஒரே பயிற்சி ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. அங்கே கடனுக்கு ஈடாகத் தந்தையின் பட்டாவை எவரும் கேட்பதில்லை. நிலமற்ற வீட்டுப் பிள்ளையும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளையும் ஒரே கோட்டிலிருந்து புறப்படுகின்றனர்.

நம் நாட்டிலோ அந்தக் கோடு சமமாக இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்திய மக்களில் 100க்கு 16.6 பேர் பட்டியல் இனத்தவர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடி நிலப்பரப்பில் அவர்கள் கையில் இருப்பது 100க்கு 9 பங்குக்கும் குறைவு. செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் அறிக்கையையொட்டி 1892இல் தொடங்கி நம் முன்னோர்க்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களும் பல ஊர்களில் பிறர் கைக்குப் போய்விட்டன. அவற்றை மீட்கக் கோரிய போராட்டத்தில் 1994இல் காரணையில் இருவர் உயிர் துறந்தனர். இந்நிலையில் வகுப்பறையில் ஆசிரியர், “துணிந்து இறங்குங்கள், தோல்வியைக் கண்டு அஞ்சாதீர்கள்” என்று சொல்கிறார். ஐந்து ஏக்கர் கிணற்றுப் பாசன நிலமும் ஊரில் உரக்கடை வைத்திருக்கும் மாமனும் உடைய மாணவனுக்குத் தோல்வி என்பது ஓர் அனுபவம். முதல் தலைமுறைப் பட்டதாரியான நம் பிள்ளைக்கு அது தங்கையின் படிப்பு நிற்பது. தாயின் தோடு மீளாமல் போவது. பாடம் ஒன்றுதான்; ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை ஒன்றன்று.

என் பழைய மாணவர் ஒருவர் வேளாண் பட்டம் பெற்றார். அரசுப் பணிக்குக் காத்திராமல் நாற்றங்கால் வைக்க விரும்பினார். வங்கியில் ஈடு கேட்டார்கள். ஈடாகக் கொடுக்க ஒன்றுமில்லை. உறவினரிடம் கைமாற்று வாங்கி, ஊரில் ஒருவருடைய 30 சென்ட் நிலத்தை வாய்மொழிக் குத்தகைக்குப் பிடித்து, நிழல்வலை போட்டு, குழித்தட்டில் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்று வளர்த்தார். நாற்று நன்றாக வந்தது. முதலாண்டில் கடனுக்கு எடுத்துச் சென்றவர்களிடம் வசூல் தாமதமாயிற்று, இருந்தும் தாக்குப்பிடித்தார். இரண்டாம் ஆண்டில் தொழில் சூடு பிடித்தது. அப்போது நில உடைமையாளர், “இனி என் மகனே செய்து கொள்வான்” என்று நிலத்தைக் கேட்டார். கையில் ஒரு துண்டுத் தாளும் இல்லை. கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு வந்தார் என் மாணவர். இன்று ஒரு தனியார் நிறுவனத்தின் களப் பணியாளராக இருந்து பழைய கடனை அடைத்து வருகிறார். அவர் என்னிடம் சொன்னது இது: “சார், நாற்றுக்கு வரும் நோய் எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தார்கள். குத்தகைப் பத்திரம் எழுதத்தான் எவரும் கற்றுக்கொடுக்கவில்லை.”

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்னும் சட்டம் 1908இலேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தும், ஊருக்குள் நம்மவர் ஒருவர் பத்திரம் கேட்டால் அதுவே குற்றமாகக் கருதப்படுகிறது. பாலையும் தயிரையும் சமைத்த பண்டத்தையும் விற்க முனையும் நம் பெண்களிடம், “எந்தத் தெரு?” என்று கேட்டபின் வாங்காமல் போகிறவர்கள் இன்றும் உண்டு. சந்தை எல்லோர்க்கும் பொது என்று பாடநூல் சொல்கிறது. சந்தைக்குள்ளும் சாதி இருக்கிறது என்பதைப் பாடம் சொல்லாவிட்டால், தோற்ற பிள்ளை தன் திறமையின்மீதே ஐயம் கொள்வான். அது பெருந்தீங்கு.

அரசு உதவிகள் இல்லாமல் இல்லை. 1974இல் தொடங்கப்பட்ட தாட்கோ நிறுவனம் இருக்கிறது. அக்ரி கிளினிக் திட்டத்தில் பொதுப் பிரிவினர்க்கு 36 விழுக்காடு மானியம் என்றும், பட்டியல் இனத்தவர்க்கும் மகளிர்க்கும் 44 விழுக்காடு என்றும் வகுத்தார்கள். தமிழ்நாடு அரசு 2023இல் அண்ணல் அம்பேத்கர் பெயரால் தொடங்கிய தொழில் முன்னோடிகள் திட்டம், பட்டியல் இன, பழங்குடித் தொழில் முனைவோர்க்கு 35 விழுக்காடு முதலீட்டு மானியமும் வட்டி மானியமும் தருகிறது. இவற்றை நம் இளைஞர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அக்ரி கிளினிக் போன்ற திட்டங்களில் மானியம் முதலில் கையில் கிடைப்பதன்று. வங்கி கடன் தந்த பிறகு அக்கடனோடு சேர்ந்து கணக்கில் நிற்பது. வங்கிப் படியைத் தாண்டாதவனுக்கு மானியம் தாளில்தான் இருக்கும்.

ஆகவே பல்கலைக்கழகங்களுக்கு மூன்று வேண்டுகோள்களை இம்மேடையிலிருந்து வைக்கிறேன். முதலாவது, தொழில்முனைவைச் சில கிரெடிட்டில் அடக்காமல், முதலாண்டு முதல் இறுதியாண்டு வரை உண்மையான கடனும் உண்மையான கணக்கும் உள்ள பயிற்சியாக நடத்துங்கள். ஈடு கேளாத தொடக்க முதலைப் பல்கலைக்கழகமே தரட்டும். இரண்டாவது, குத்தகைப் பத்திரம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, வங்கி விண்ணப்பம், கடன் வசூல் ஆகியவற்றைப் பயிர் நோய்க்குச் சமமான பாடமாக வையுங்கள். மூன்றாவது, நட்டத்தைக் கற்பியுங்கள். எவ்வளவு வரை இழக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும், மீண்டும் எவ்வாறு எழுவது என்பதைக் கற்காதவனைத் துணிச்சல் என்ற ஒரு சொல்லை மட்டும் கொடுத்துக் களத்துக்கு அனுப்பாதீர்கள்.

அரசுக்கும் ஒரு சொல். தொழில் தொடங்குங்கள் என்று இளைஞர்க்குச் சொல்வது, நிரப்பப்படாத பணியிடங்களை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. வேலை உரிமையும் வேண்டும். தொழில் உரிமையும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிப்பதை நாம் ஏற்கமாட்டோம்.

நம் கழகம் செய்யத்தக்கதும் உண்டு. வெள்ளி விழாவின் நினைவாக ஒரு சுழல் நிதி தொடங்குவோம். பெருந்தொகை வேண்டா, ஆண்டுக்கு இரண்டு பட்டதாரிகளின் முதல் தொழிலுக்கு, வங்கி கேட்கும் சொந்தப் பங்கைக் கொடுக்கும் அளவு போதும். நம்மவர் ஒருவர் குத்தகை பிடிக்கும்போது கழகப் பொறுப்பாளர் இருவர் உடன் சென்று, பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்திடட்டும். தனியொருவன் கேட்டால் தட்டிக்கழிப்பவர்கள் ஒரு சங்கம் கேட்டால் எண்ணிப் பார்ப்பார்கள். கம்பெனிச் சட்டத்தின்படி பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தாலே ஓர் உற்பத்தியாளர் நிறுவனம் அமைக்கலாம். நம் ஊர்களில் பத்துப் பேர் இல்லையா? பிரிந்து விற்றால் தெருவைக் கேட்பார்கள். சேர்ந்து ஒரு பெயரில் நகரச் சந்தைக்கு அனுப்பினால் தரத்தைத்தான் கேட்பார்கள்.

என் அருமை மாணவச் செல்வங்களே! அரசுப் பள்ளியில் பயின்றவர்க்கு வேளாண் படிப்பிலும் 7.5 விழுக்காடு இடம் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்துள்ளது. நமக்குரிய 18 விழுக்காடும் அதில் அருந்ததியர்க்குரிய உள் ஒதுக்கீடும் இருக்கின்றன. வாயில் திறந்திருக்கிறது, நுழையுங்கள். அதிகாரியாக வேண்டும் என்று விரும்பினால் தேர்வெழுதி அதிகாரியாகுங்கள். உடையவனாக வேண்டும் என்று விரும்பினால் அதற்கான கணக்கை முதலாண்டிலேயே தொடங்குங்கள். எதுவாயினும் ஒரு நோட்டு வைத்திருங்கள். உங்கள் வீட்டு வரவு செலவை இன்று முதல் எழுதுங்கள். தாயின் உழைப்புக்கும் அதில் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

அந்தத் தந்தையாரின் மகள் இன்று வேளாண் கல்லூரியில் பயின்று வருகிறாள். சென்ற விடுமுறையில் என்னைக் காண வந்தாள். கிராமத் தங்கலின்போது ஓர் உழவர் குடும்பத்தின் ஓராண்டுச் சாகுபடிச் செலவை எழுதியிருந்த நோட்டைக் காட்டினாள். கடைசிப் பக்கத்தில், கேட்டு வாங்கிய கணக்கு அல்லாமல், தன் சொந்த வீட்டுக் கணக்கும் இருந்தது. தன் தந்தையார் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார் என்றாள். தன் உழைப்பைத் தானே விலையிட்டுச் சொல்ல அவருக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அதுவாகத்தான் இருக்கும்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்றார்கள். பார்க்கட்டும். மிஞ்சாதது ஏன், மிஞ்ச வேண்டியது எங்கே போயிற்று என்பது பார்த்தால்தானே தெரியும்!

 ஜெய் பீம்!